நல்ல இடத்து வீடு ஏன் பூட்டியே கிடக்கிறது? ஒரு சேலத்துக் கணக்கு

கேள்வி இதுதான். ஃபேர்லேண்ட்ஸ், செரி ரோடு, செவ்வாய்பேட்டை என்று சேலத்தில் வாடகை நன்றாகப் போகும் இடங்களிலேயே வீடும் கடையும் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. ஏற்காட்டில் பழைய பங்களாக்கள் ஓடு சரிந்து நிற்கின்றன. மாதாமாதம் வரக்கூடிய காசை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கா இவர்களுக்கு வசதி?

வசதியால் பூட்டி வைத்திருப்பவர்கள் சொற்பம். பூட்டிய கட்டடங்கள் பலவற்றில் 'வீட்டுக்காரர்' என்று ஒருவர் இல்லவே இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எட்டுப் பேர், பத்துப் பேர். ஒருவரே உரிமையாளராக இருக்கும் இடத்திலோ, வாடகை என்பது மனையின் விலைக்கு முன்னால் சில்லறை. அந்தச் சில்லறைக்காக மனையை மாட்டிவிடக் கூடாது என்று பயப்படுகிறார். இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்தோதான் பெரும்பாலும் காரணம். இது சேலத்துக்கு மட்டும் உரியதுமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க சுமார் 33 கோடி கட்டடங்களில் 2.47 கோடி காலியாக இருந்தன.

முதலில் பங்கு விவகாரம். தாத்தா வாங்கிய வீடு, உயில் இல்லை. மூன்று மகன், இரண்டு மகள். பாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகு, மகன்களில் ஒருவர் இறந்து மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். மகள்களில் ஒருவர் இறந்து கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் மூவரையும் சேர்த்தால் பத்துக் கையெழுத்து. இறந்த மகனின் பிள்ளைகளில் ஒருவருக்கு வரும் பங்கு, ஐந்தில் ஒன்றில் நான்கில் ஒன்று. அதாவது இருபதில் ஒன்று. வீட்டு வாடகை 15,000 என்று வைத்தால் அவருக்கு மாதம் 750 ரூபாய். இதற்காக அவர் பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஆனால் மனை 1.2 கோடி போகும் என்றால் அதே பங்கு 6 லட்சம். அதை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதவும் மாட்டார். வாடகைக்கு மெனக்கெட முடியாத அளவுக்குச் சின்னது, விட்டுக்கொடுக்க முடியாத அளவுக்குப் பெரியது. பத்துப் பேரும் தனித்தனியாக நியாயமாகத்தான் யோசிக்கிறார்கள். வீடுதான் பூட்டிக் கிடக்கிறது.

இதில் பெண் பிள்ளைகளின் பங்கு தனிச் சிக்கல். அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்தில், அவர் உயில் எழுதாமல் போனால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இலும், மத்திய அரசு 2005-இலும் மகளைப் பங்காளியாக்கின. 2005-க்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் அந்த உரிமை போகாது என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் குடும்பத்துக்குள் "அதுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்ற பேச்சு ஓயவில்லை. அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினையைக் கொண்டு போனால் வங்கி வழக்கறிஞர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். கடன் கிடையாது, வாங்க வருபவர் கிடையாது, ரிப்பேருக்குக் கை வைப்பவரும் கிடையாது.

பாகவழக்கு போட்டுவிட்டால் இன்னும் மோசம். முதலில் பூர்வாங்கத் தீர்ப்பு யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும். பிறகு நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் வந்து அளந்து, பிரிக்க முடியுமா என்று அறிக்கை கொடுத்து, இறுதித் தீர்ப்பு வர வேண்டும். இருபதடி அகல வீட்டைப் பத்தாகப் பிரிக்க முடியாது. 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லலாம். இதற்குள் எத்தனை மழைக்காலம் போகும் என்பது வழக்காடுபவர்களின் பிடிவாதத்தைப் பொறுத்தது. அந்தக் காலம் முழுக்க ஒருவரும் ஒரு மூட்டை சிமென்ட் வாங்க மாட்டார்கள். வாங்கியவர் அந்தச் செலவைத் திரும்பக் கேட்டால் அதற்குத் தனிச் சண்டை. வாங்காமல் விட்டால் நஷ்டம் பத்தாகப் பிரியும். ஒரே கதவில் இரண்டு வெவ்வேறு பூட்டு தொங்குகிறதென்றால் அநேகமாக இந்தக் கதைதான். பங்காளிகளில் ஒருவர் மட்டும் வாடகைக்கு விடுவதைச் சட்டம் அடியோடு தடுப்பதில்லை. ஆனால் மறுமாதமே இன்னொருவர் வந்து "வாடகையை என்கிட்ட குடுங்க" என்று நிற்பார் என்பது தெரிந்தவர்கள் அந்த வீட்டுக்குக் குடி வர மாட்டார்கள்.

இனி ஒற்றை உரிமையாளரின் கணக்கு. எண்கள் எளிமைக்காக வைத்தவை. உங்கள் தெருவின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 2,400 சதுரடி மனை, சதுரடி 5,000 ரூபாய், மொத்தம் 1.2 கோடி. அதில் நாற்பது வருஷத்து வீடு, வாடகை 15,000. வருஷத்துக்கு 1.8 லட்சம், மனை மதிப்பில் ஒன்றரை சதவீதம். இதில் சொத்து வரி, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, ஆள் மாறும்போது பெயின்ட் எல்லாம் போக ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மனை விலை வருஷம் 6 சதவீதம் ஏறினால் அதுவே 7.2 லட்சம். அவருடைய வருமானம் மண்ணில்தான் இருக்கிறது, வீட்டில் இல்லை.

இப்போது ஒரு வாங்குபவர் வருகிறார். வீடு காலியாக இருந்தால் ஒரு விலை, ஆள் இருந்தால் இன்னொரு விலை. குடியிருப்பவர் காலி செய்ய மறுத்து வழக்கு என்று போகுமோ என்ற சந்தேகத்துக்கே வாங்குபவர் பத்து சதவீதம் குறைத்துக் கேட்பார். அது 12 லட்சம். ஏறக்குறைய ஆறு வருஷம் எட்டு மாத வாடகை. குடித்தனக்காரர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொன்ன தேதிக்குச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்தான். பத்தாவது ஆளை நினைத்துத்தான் வீட்டைப் பூட்டுகிறார்கள். "ரெண்டு வருஷத்துல வித்துடப் போறோம், எதுக்கு ஆள் வைக்கணும்" என்று ஆரம்பிக்கும். எதிர்பார்த்த விலை வராது. இரண்டு பன்னிரண்டு ஆகும்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019 வரை நடப்பில் இருந்தது. நியாய வாடகை என்று ஒரு கணக்கு, வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று நிரூபிக்க ஒரு வழக்கு, அதன் மேல் அப்பீல், அதன் மேல் சீராய்வு. அப்பா காலத்தில் 300 ரூபாய்க்கு விட்ட கடையை மகன் காலத்திலும் மீட்க முடியாமல் போன குடும்பங்கள் கடைவீதிப் பக்கம் உண்டு. கட்டடத்தைப் பாழாக விடுவதற்கும் அந்தச் சட்டமே ஒரு வழியில் தூண்டியது என்பது பலருக்குத் தெரியாது. அதன் 14-ஆம் பிரிவின்படி, இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொல்லி ஆளைக் காலி செய்யக் கேட்கலாம். அந்த மனுவில் நீதிமன்றம் பார்ப்பவற்றில் கட்டடத்தின் வயதும் நிலையும் முக்கியம். ஒழுகும் கூரையும் விரிசல் விட்ட சுவரும் உரிமையாளருக்குச் சாட்சி. ஒழுங்காகப் பூசி வைத்தால் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்ட மாதிரி. ஆகவே கீழே மூலையில் ஒரே ஒரு பழைய கடைக்காரர் அசையாமல் இருக்க, மாடி முழுதும் காலியாக, சன்னல் பலகை விழுந்து கிடக்கும் கட்டடங்களைப் பார்க்கிறீர்கள். மாடிக்கு ஆள் வைத்தால் இடிக்கும்போது இன்னொருவரோடும் வழக்காட வேண்டும்.

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் இதை வெகுவாக மாற்றிவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அந்த ஆணையம். நியாய வாடகை என்ற பேச்சே இல்லை. ஒப்பந்தத்தில் உள்ளதே வாடகை. இரண்டு மாதப் பாக்கி இருந்தால் வெளியேற்றக் கேட்கலாம்; எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறியதே ஒரு காரணமாகும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ரிப்பேர் யார் பொறுப்பு என்றும் பட்டியலே இருக்கிறது: கட்டட அமைப்பு சார்ந்த பழுது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு, பைப், வயரிங் உரிமையாளருக்கு, குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், பூட்டு குடியிருப்பவருக்கு. சட்டம் மாறியும் வீட்டுக்காரர்களின் மனதில் ஓடுவது பழைய சட்டம்தான். இன்றும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினோரு மாதம் என்று எழுதி, எங்கும் பதியாமல் பெட்டியில் வைக்கிறார்கள். பிறகு சட்டம் சரியில்லை என்கிறார்கள்.

"பன்னிரண்டு வருஷம் இருந்துட்டா வீடு அவனுக்கே" என்பது இன்னொரு பயம். வாடகைக்கு இருப்பவர் அனுமதியோடு இருப்பவர்; வாடகை கொடுத்துக்கொண்டு எத்தனை வருஷம் இருந்தாலும் அது எதிரனுபவம், அதாவது அனுமதியில்லாமல் அனுபவித்து உரிமை கேட்பது, ஆகாது. காலி மனையை வாடகைக்கு வாங்கித் தானே கட்டடம் கட்டிக்கொண்டவருக்கு 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் மனையையே விலைக்குக் கேட்கும் உரிமை கொடுத்தது. அந்தக் கதைகள்தான் திரிந்து எல்லா வாடகைக்காரர் மேலும் ஒட்டிக்கொண்டன. உண்மையில் அந்தப் பன்னிரண்டு வருஷக் கணக்கு ஓட வாய்ப்புள்ள இடம் யாரும் எட்டிப் பார்க்காத பூட்டிய வீடும் வேலியில்லாத மனையும்தான்.

போக்கியத்தால் முடங்கும் வீடுகளையும் சொல்ல வேண்டும். மாத வாடகை இல்லாமல் 5 லட்சம் வாங்கிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு விடுகிறார்கள். பணம் மகள் கல்யாணத்துக்கோ கடை முதலுக்கோ போய்விடுகிறது. கெடு முடிந்ததும் அடுத்த போக்கியக்காரரிடம் வாங்கித்தான் முதலாமவருக்குத் திருப்ப வேண்டும். மூன்று வருஷம் வெள்ளையடிக்காத வீட்டுக்கு அடுத்தவர் நான்கு லட்சம்தான் சொல்வார். இடைவெளி ஒரு லட்சம் புரளாது. முதலாமவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டாலும் பணம் வரும்வரை சாவியைக் கொடுக்க மாட்டார். வீடு காலி, பூட்டு மட்டும் போனவருடையது.

கடைகளின் கணக்கு வேறு. புது பஸ் ஸ்டாண்டு, ஓமலூர் ரோடு பக்கம் காம்ப்ளக்ஸில் மாடிக் கடைகள் காலியாக இருக்க, வாடகையைக் குறைக்கவே மாட்டேன் என்று நிற்பார்கள். காரணம் கட்டடத்தின் விலையே வாடகையை வைத்துப் பேசப்படுகிறது. மாதம் 40,000 என்றால் வருஷம் 4.8 லட்சம், ஆறு சதவீத வருமானம் எதிர்பார்ப்பவர் அந்தக் கடைக்கு 80 லட்சம் கொடுப்பார். 30,000-க்கு இறக்கினால் அதே கணக்கில் 60 லட்சம். ஆறு மாதம் பூட்டி வைத்தால் நஷ்டம் 2.4 லட்சம், இறக்கினால் காகிதத்தில் 20 லட்சம் போகிறது. கூடவே மற்ற பத்துக் கடைக்காரர்களும் மறுநாள் வந்து நிற்பார்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடிக்கும், வண்டி நிறுத்த இடமில்லாத கடைக்கும் வாடகை எவ்வளவு குறைத்தாலும் ஆள் வருவதில்லை என்பதும் சேர்த்துக்கொள்ள வேண்டியது. மேம்பாலம் வந்த சாலைகளில், பாலம் இறங்கும் சரிவுக்கு நேராக மாட்டிக்கொண்ட கடைக்கு முன்னால் யாரும் வண்டியை நிறுத்த முடியாது. 2020-இல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்குப் பாலத்தின் கீழ் நடந்து பார்த்தால் எந்தக் கடை பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று புரியும். வரியும் இருக்கிறது: வணிக வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. வீட்டுக்காரர் பதிவு செய்யாதவராக இருந்தாலும், 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்ற வாடகைதாரரே அதைக் கட்ட வேண்டும்.

பழைய தெருக்களில், அதாவது செவ்வாய்பேட்டை, அக்ரஹாரம், குகை, அம்மாப்பேட்டையில், இடித்துக் கட்டுவதும் எளிதல்ல. வீடுகள் தெரு ஓரம் வரை வந்து, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரில் ஒட்டி நிற்பவை. 2019-இன் கட்டட விதிகளின்படி புதிதாகக் கட்டினால் பொதுவாக முன்னும் பக்கமும் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும், சாலை அகலத்தைப் பார்ப்பார்கள். பதினைந்தடி அகல மனையில் இதையெல்லாம் விட்டால் புதுக் கட்டடம் பழையதைவிடச் சின்னதாக வரும். தறி ஓடிய வீடுகளில் இது இன்னும் கூடுதல்: நீளமாக, குறுகலாக, குழித்தறிக்குத் தோண்டிய பள்ளத்தோடு இருக்கும் வீட்டை நெசவாளி தவிர வேறு யாருக்கு விடுவது? தறி நின்றதும் வீடும் நின்றுவிடுகிறது.

கோயில் நிலத்தில் நிற்கும் கட்டடமா என்றும் பாருங்கள். தரை கோயிலுடையது, மேலே உள்ள கட்டடம் மட்டும் இவருடையது. அறநிலையத் துறைச் சட்டப்படி ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு முன் அனுமதி வேண்டும். தரை வாடகைத் தகராறு தீராமல் யாரும் மேலே பணம் போட மாட்டார்கள். வங்கி நோட்டீஸ் ஒட்டிய கட்டடம் என்றால் இன்னொரு கதவும் அடைபடும்: வங்கிகள் வராக்கடனை வசூலிக்க வந்த 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் சொத்தை வாடகைக்கு விட உரிமையாளருக்குக் கட்டுப்பாடு உண்டு. ஏலம் போகும்வரை பூட்டுத்தான்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயம் சுருக்கமாக. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். சாதாரணக் குடித்தனக்காரருக்கு இது தெரியாது, தெரிந்தால் வர மாட்டார். அங்கிருந்து அனுப்பும் பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்றிடப்பட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். இதற்கு மேல் அம்மாவின் பீரோ, அப்பாவின் சாய்வு நாற்காலி என்று ஓர் அறை நிறைய சாமான். வாஸ்து, சைவம் மட்டும், பேச்சிலர் கூடாது, இன்னார் மட்டும் என்ற வடிகட்டல்களாலும் மாதங்கள் போகின்றன. வெளியே சொல்வது "நல்ல பார்ட்டி அமையல" என்பது.

பூட்டி வைத்தால் செலவில்லை என்று நினைப்பதில்தான் பெரிய பிசகு. வருமான வரியில் இரண்டு வீடு வரை சொந்தக் குடியிருப்பாகக் காட்டலாம். மூன்றாவது வீடு, ஆள் இல்லாமலே இருந்தாலும், வரக்கூடிய வாடகைக்கு வரி கேட்கப்படலாம். சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே இருக்கும். 2022-இல் சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் வீடுகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை உயர்த்தினார்கள். ஆனால் வரியைவிட வேகமாகத் தின்பது மழையும் கறையானும்.

ஆள் இல்லாத வீட்டில் முதலில் அடைபடுவது மொட்டை மாடி மழைநீர்க் குழாய். சருகு அடைத்து, ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும். காகம் போட்ட அரச விதை கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைக்கும். விரல் நீளத்தில் பிடுங்கினால் போயிற்று. ஒரு வருஷம் விட்டால் வேர் சுவருக்குள் போய்விடும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், காரையை உடைத்து வேரை எடுத்துத்தான் பூச வேண்டும். தட்டோட்டின் ஒட்டு விட்டு இறங்கும் ஈரம் கான்கிரீட்டுக்குள் கம்பியைத் தொடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளும். கூரை அடியில் காரை பட்டை பட்டையாக விழும். இந்தக் கட்டத்தில் மேலே வாட்டர்புரூஃப் பெயின்ட் அடிப்பது வீண். கம்பியைச் சுற்றிக் கொத்தி, துரு எடுத்து, பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைத்த பிறகுதான் மேல்வேலை.

தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் என்றால் கவனம் இரட்டிப்பு. கொத்தனார் சொல்கிறார் என்று மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போடாதீர்கள்: சதுர மீட்டருக்கு 120 கிலோ எடை கூடும், ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் இருக்கும் உத்தரத்தின் முனை அழுகும். ஒழுக்கைச் சோதிக்கத் தண்ணீர் கட்டி நிறுத்தவும் கூடாது. 5 சென்டிமீட்டர் தண்ணீரே சதுர மீட்டருக்கு 50 கிலோ. உத்தர முனைகளை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி எளிதாக இறங்கினால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

கீழே தரையில், குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் வளைவான டிராப்பில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் அந்த வழியே உள்ளே வரும். ஒரு செம்புத் தண்ணீரும் அதன் மேல் ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றி வைத்தால் வற்றுவது தாமதமாகும். ஓடாத போர் மோட்டார் இறுகிவிடும். இரு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஓட்ட வேண்டும். கறையான், நிலைக்கதவின் அடியில் மண் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டு பெயின்ட் அடிப்பதில் பயனில்லை: சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் பிட்டில் போட்டு, மருந்தை இறக்கி அடைக்க வேண்டும். மின்கட்டணம் நின்று இணைப்பே ரத்தாகிவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள், மறுபடி அந்தப் பத்துக் கையெழுத்து. இப்படியாக, முதல் வருஷம் ஒரு லட்சத்தில் முடிந்திருக்கும் வேலை ஆறு லட்சம் ஆகும். வாடகை 15,000 என்றால் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை அது. அந்த எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகு 'இடிக்கும்போது பார்த்துக்கலாம்' என்ற முடிவு வருவதில் ஆச்சரியமில்லை.

ஏற்காட்டில் இதெல்லாம் வேகமாக நடக்கும். பனியும் ஈரமும் உள்ள மலையில் அடுப்பு மூட்டாத, சன்னல் திறக்காத வீட்டில் பூஞ்சை ஒரு பருவத்திலேயே சுவரேறும். குரங்கு ஓர் ஓட்டைப் புரட்டிவிட்டால் போதும், மழை நேராக ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்திலும் கைமரத்திலும் இறங்கும். மங்களூர் ஓடு 100 சதுரடிக்குச் சுமார் 140 பிடிக்கும். ஓடு, மணல், மரம் எல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், ஆசாரிக்குத் தங்கல் கூலியும் உண்டு. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையமான 'ஹாகா'வின் வரம்புக்குள் ஏற்காடு வருவதால் புதிதாகக் கட்டவும் இருப்பதை விரிவாக்கவும் கூடுதல் அனுமதி வேண்டும். காபித் தோட்டத்துக்குள் இருக்கும் பங்களாவுக்கு இன்னொரு தளை: தோட்டப்பயிர் நிலம் என்பதால்தான் 1961 நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து விலக்கு, பங்களாவை மட்டும் துண்டாக வெட்டி விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ போனால் அந்த விலக்கையே கிளறிவிட்ட மாதிரி ஆகும். நல்ல நிலையில் உள்ள வீடுகளும் நிரந்தரக் குடித்தனத்துக்குக் கிடைப்பதில்லை. மே மாதக் கோடை விழாவிலும் சனி ஞாயிறிலும் வரும் காசு மாத வாடகையை மிஞ்சுகிறது. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டு. பள்ளி ஆசிரியரும் செவிலியரும் தினமும் அடிவாரத்திலிருந்து பஸ் ஏறுகிறார்கள்.

ஒரு குறிப்பிட்ட வீடு ஏன் பூட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அனுமானிக்கத் தேவையில்லை. சொத்து வரி ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். இறந்தவர் பெயரிலேயே இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை இணையத்தில் எடுக்கலாம். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று போட்டால் அடமானம், உரிமை ஆவண ஒப்படைப்பு (பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கியது), செட்டில்மென்ட், பாகப்பிரிவினை எல்லாம் தெரியும். பதியாத உயிலும், பதியாத கிரய ஒப்பந்தமும், வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டதும் அதில் தெரியாது. நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயரைப் போட்டு வழக்கு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வாரிசுகளுக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறது, பிரித்துக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை என்றால், பாகப்பிரிவினைக்காகக் காத்திருக்காமல் வாடகைக்கு விடலாம். ஒருவருக்கு வாடகைக்கு விடவும் வசூலிக்கவும் மட்டுமான தனி பவர் எழுதுங்கள். விற்கும் அதிகாரம் உள்ள பொது பவர் வேண்டாம், அதில்தான் சந்தேகம் ஆரம்பிக்கிறது. வாடகை தனி வங்கிக் கணக்கில் விழட்டும், முதலில் வரியும் ரிப்பேரும், மீதிதான் பங்கு என்று எழுதிவிடுங்கள். பிரித்தே தீர வேண்டும் என்றால் குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் முத்திரைத் தீர்வை மலைப்பானதல்ல: 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் அதிகபட்ச வரம்பு 40,000, பதிவுக் கட்டணத்துக்கு 10,000; பாகப்பிரிவினையில் இந்த வரம்பு பங்கு ஒன்றுக்கு.

இப்படிப் பழுதாகிப் பூட்டிக் கிடக்கும் வீட்டை வாடகைக்குக் கேட்டுப் போகிறவருக்கு ஒரு வழி உண்டு: "ரிப்பேரை நான் பார்த்துக்கொள்கிறேன், வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்." 3 லட்சம் செலவு, 15,000 வாடகையில் மாதம் 5,000 கழிவு என்றால் அறுபது மாதம் ஆகும். ஆகவே ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு இருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்டது என்பதால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், வாடகை ஆணையப் பதிவு அதற்கு மேல். வேலைக்கு முன் படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியலோடு இணையுங்கள். பில் இல்லாத கூலிக்கு வவுச்சர் வாங்குங்கள். பங்காளிகள் எல்லோரும், அல்லது எல்லோரின் பவரும் உள்ளவர், கையெழுத்திட்டிருக்க வேண்டும். நடுவில் வீடு விற்றுப்போனால் கழியாத தொகையை யார் தருவது என்ற வரியை விட்டுவிடாதீர்கள்: இருபத்து நான்காவது மாதம் விற்றால் அது 1.8 லட்சம், கிரயப் பணத்திலிருந்து முதலில் அதை எண்ணி வைத்த பிறகுதான் சாவி என்று இருக்க வேண்டும்.